டாரட் கார்டுகளின் பலன்கள் எகிப்திலிருந்து வந்தவையா?

குறி சொல்லப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் கார்டுகளுக்குச் சொல்லும் பலன்கள் பழைய எகிப்துப் பூசாரிகள் விட்டுச்சென்றவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கற்றுக்கொண்ட புதிதில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பல வருடம் நம்பினேன்.

டாரட் முதலில் வெறும் சீட்டாட்டம். 1440 வாக்கில் வட இத்தாலியில் கோப்பை, நாணயம், வாள், தடி என்ற நான்கு வகைச் சீட்டுகளோடு படச் சீட்டுகளைத் துருப்பாகச் சேர்த்து ஆடினார்கள். பலன் சொன்னதற்குக் கிடைத்திருக்கும் பழைய பட்டியல்களில் ஒன்று 1750 வாக்கில் இத்தாலியின் போலோன்யா நகரில் எழுதப்பட்டது. அதில் 35 சீட்டுகள்தான். சூரியன் என்றால் பகல், சந்திரன் என்றால் இரவு, பிசாசு என்றால் கோபம், உலகம் என்றால் நீண்ட பயணம். அவ்வளவு எளிமை!

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர், 1781இல். எகிப்தின் சித்திர எழுத்துகளை ஷாம்போலியோன் என்ற அறிஞர் படித்துக் காட்டியதே 1822இல்தான், அப்படியிருக்க இவர் எதைப் படித்து அதைச் சொன்னார்? அப்புறம் அலியெட் என்பவர் தன் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி எத்தெய்யா என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் நேராக விழுந்தால் ஒன்று, தலைகீழாக விழுந்தால் வேறொன்று என்று பலன் எழுதி அச்சிட்டார். இன்றைய சின்ன சீட்டுகளின், அதாவது கோப்பை, நாணயம், வாள், தடி வகைச் சீட்டுகளின், பலன்களில் பெரும்பங்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

மூன்று வாள் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தெய்யா அதற்குப் பிரிவு, விலகல் என்ற பொருளில் எழுதினார். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் துலாத்தில் சனி என்று ஜோதிடத்தைச் சேர்த்துத் துயரம் என்றார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த வெயிட் 1909இல் புதிய கட்டு வெளியிட்டபோது, படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் ஒரு இதயத்தில் மூன்று வாள்களைப் பாய்ச்சினார். அதே போன்ற படம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா சீட்டுக்கட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதன் புகைப்படங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது 1907இல், பமீலா அங்கே பார்த்திருக்கலாம். இன்று அந்தச் சீட்டு விழுந்ததும் காதல் தோல்வி என்கிறோமே, அதைச் சொல்ல வைப்பது பெரும்பாலும் பமீலாவின் அந்த ஓவியம்தான். மொத்தக் கட்டையும் வரைந்ததற்கு அவருக்குக் கிடைத்தது சொற்பக் காசு, கட்டின் பெயரிலும் வெகுகாலம் அவர் பெயர் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.