பதில்: பழமைவாதம் எண்டா மாற்றத்தை எதிர்ப்பதுதானே?

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில உயர்தரம் படிக்கிறன், பழமைவாதம் எண்டா "மாற்றத்தை எதிர்ப்பது" எண்டு எழுதினதுக்கு அரசறிவியல் ரீச்சர் சிவப்புக் கோடு போட்டுட்டா, ஏன் எண்டு கேட்டிருந்தீங்க. ரீச்சர் செய்தது சரிதான். எதுவுமே மாறக்கூடா எண்டுறது பிடிவாதம், கொள்கையில்ல.

பழமைவாதச் சிந்தனைக்கு முன்னோடி எண்டு சொல்லப்படுற பிரித்தானிய அரசியல்வாதி எட்மண்ட் பேர்க்கை எடுங்க. 1790இல பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாத் தாக்கி எழுதினவர். அதே மனிசன்தான் அதுக்கு முதல், அமெரிக்கக் குடியேற்றங்களோட சமாதானமாப் போங்க எண்டு பிரித்தானிய நாடாளுமன்றத்தில வாதாடினவர். மாற வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காப்பாத்தவும் வழியில்ல எண்டதும் அவர்தான். ஒரு தத்துவத்தை மட்டும் நம்பி எல்லாத்தையும் ஒரேயடியா இடிக்கிறதுதான் அவருக்குப் பயம். 1867இல பிரித்தானியாவில நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை குடுத்ததும் பழமைவாதக் கட்சி அரசுதான். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில நிறைவேத்திவிச்ச அமைச்சர் டிஸ்ரேலி பேரையும் எழுதுங்க.

நம்மட மட்டக்களப்புப் பக்கம் பாருங்க, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி, தாயின்ர குடியே பிள்ளைக்கும் வாற தாய்வழிக் குடிமுறை. ஆரும் ஒருநாள் உக்காந்து வரைஞ்ச திட்டமில்ல, தலைமுறையாத் திரண்டு வந்தது. கைவைக்க முதல் அது எதைத் தாங்கி நிக்குதெண்டு பாத்து, பழுதான இடத்தை மாத்தெண்டுவார் பேர்க்.

ஆனா அந்த முறையில ஒதுக்கப்பட்டவங்க எவ்வளவு காலம் காத்திருக்கிறது? இதுக்கு அவரிட்ட நல்ல பதில் இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன். விமர்சனப் பகுதியில அதைக் கட்டாயம் எழுதுங்க.