ஒப்படை நிலத்துக்குப் பயிர்க்கடன் கிடைக்குமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு வரம்பு வைத்த உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த உபரி நிலத்திலிருந்து என் மாமனாருக்கு ஒப்படை செய்தது, அதாவது அரசு ஒதுக்கித் தந்தது. மாமனாரும் கணவரும் காலமாகிவிட்டனர். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் உள்ளது. 'ஒப்படை நிலத்தை அடமானம் பிடிக்க முடியாது' என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். சம்பா செலவுக்கு 40,000 ரூபாய் தேவை. ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) தருவதாகச் சொல்லி, ஒப்படை ஆணையின் அசலைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உச்சவரம்பு 1970-இல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் (நிலத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஏக்கர்) குறைக்கப்பட்ட பிறகு கிடைத்த உபரி நிலங்கள், ஏழைகளின் கையிலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்டன. அந்த நிபந்தனையை மீறிக் கைமாற்றினால் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள இடமுண்டு. கடன் கொடுத்தவருக்கு அதனால் நட்டம் கொஞ்சம்தான். உங்களுக்கு நிலமே போய்விடும்.

வங்கியில் நீங்கள் கேட்ட கேள்வியே தவறாக அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது நில அடமானக் கடன் அல்ல, பயிர்க்கடன். கிசான் கடன் அட்டையில் 2 லட்சம் ரூபாய் வரை நிலத்தை ஈடு கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் விதி. விளையும் பயிரே அதற்கு ஈடு. ஆண்டு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்துக்குள் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை. மூன்று வட்டிக்கு வாங்கினால் 40,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 7,200 ரூபாய் வட்டி. அதே தொகைக்கு 4 சதவீதத்தில் 800 ரூபாய்தான்.

உண்மையான முட்டுக்கட்டை பட்டாவில் இருக்கும் பெயர். இ-சேவை மையத்தில் மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அவற்றைக் கொண்டு பட்டா மாறுதல் கேளுங்கள். நாத்தனார் இருந்தால் அவர் பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைத்தால் கடன் உங்கள் பெயரில் கிடைக்க வழியுண்டு. அதற்குள் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்ற பதிவு) வாங்கும்போது, சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.