எஞ்சின் இலவசமாகக் கிடைக்கும்போது சதுரங்க மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய சதுரங்க மென்பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. புதிய பதிப்பை வாங்குமாறு அடிக்கடி அறிவிப்பு வருகிறது. அதைவிட வலிமையான ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின், அதாவது நகர்த்தலைக் கணக்கிடும் நிரல், இலவசமாகக் கிடைக்கும்போது பணம் கட்டுவதில் பொருள் உண்டா? இலவச எஞ்சின்கள் வந்ததால் வணிக மென்பொருள்களின் வளர்ச்சியே நின்றுவிட்டது என்று என் பயிற்சியாளர் சொல்கிறார். அது சரியா?

பதில்: ஆட்ட வலிமைக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். மற்ற வசதிகளுக்காக என்றால், அவை உங்களுக்குத் தேவையா என்று பார்த்து முடிவு செய்யலாம். எஞ்சின் வேறு, அதைச் சுற்றியுள்ள மென்பொருள் வேறு என்பது தெளிவானால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஸ்டாக்ஃபிஷைப் பதிவிறக்கித் திறந்து பாருங்கள். பலகையும் காய்களும் தெரியாது. எழுத்து மட்டும் உள்ள ஒரு கறுப்புச் சாளரம்தான் திறக்கும். அதில் ஒரு நிலையைக் கொடுத்து, ‘கோ டெப்த் 20’ என்ற ஆணையைத் தட்டச்சு செய்தால், எட்டிய ஆழம், மதிப்பீடு, ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கை, சிறந்த நகர்த்தல் வரிசை ஆகியவை வரிவரியாக ஓடி, கடைசியில் ‘பெஸ்ட்மூவ்’ என்று ஒரே ஒரு நகர்த்தல் வந்து நிற்கும். எஞ்சின் செய்வது இவ்வளவுதான். இந்த உரையாடலுக்கான யூசிஐ என்னும் நெறிமுறையை 2000இல் வகுத்தவர்கள் ரூடோல்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும். பின்னவர் ஷ்ரெட்டர் என்ற வணிக எஞ்சினை எழுதியவர். எந்தப் பலகையிலும் எந்த எஞ்சினையும் பொருத்தலாம் என்ற வழியை, விற்பனைக்கு எஞ்சின் எழுதிய ஒருவரே திறந்துவிட்டார் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. உங்கள் பழைய மென்பொருள் யூசிஐயை ஏற்கும் என்றால், புதிய ஸ்டாக்ஃபிஷை இன்றே அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் ஆட்ட வலிமைதான் விற்பனைச் சரக்கு. 2006இல் உலகச் சாம்பியன் கிராம்னிக்கை டீப் ஃபிரிட்ஸ் என்ற வணிக எஞ்சின் 4–2 என்று வென்றதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு நிறுவனத்துக்கு வாய்க்குமா? ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. ஃபேபியன் லெட்டூஸி எழுதிய ஃப்ரூட் எஞ்சினின் 2.1 பதிப்பு, மூல நிரலோடு, யாரும் மாற்றிப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் 2005இல் வெளிவந்தது. அதே ஆண்டு உலகக் கணினி சதுரங்கப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாம் இடம் பெற்றது. அவ்வளவு வலிமையான எஞ்சின் எப்படி எழுதப்படுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. பின்னால் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ரிப்கா எஞ்சின், ஃப்ரூட்டிலிருந்து எடுத்தாண்டது என்று கூறி, அதன் உலகப் பட்டங்களை ஐசிஜிஏ என்ற சர்வதேசக் கணினி விளையாட்டு அமைப்பு 2011இல் பறித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

வணிக எஞ்சின்களைப் பின்னுக்குத் தள்ளியது நிரல் திறந்து கிடைத்தது மட்டுமல்ல, சோதிக்கும் முறையும்தான் என்பது என் கருத்து. தோர்ட் ரோம்ஸ்டாடின் கிளாரங் எஞ்சினிலிருந்து 2008இல் பிறந்த ஸ்டாக்ஃபிஷுக்கு, 2013இல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைக் களம் கிடைத்தது. ஒருவர் நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும், பழைய பதிப்புக்கும் மாற்றிய பதிப்புக்கும் இடையே தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான விரைவு ஆட்டங்கள் நடக்கும். புள்ளியியல் தேர்வில் தேறினால்தான் மாற்றம் உள்ளே வரும். முயற்சிகளில் பெரும்பாலானவை தேறுவதில்லை. தேறுபவை தரும் லாபமும் ஆட்ட வலிமையை அளக்கும் ஈலோ அளவையில் ஓரிரு புள்ளிதான், ஆனால் அது ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. தனியாக எழுதும் ஆசிரியரிடம் நல்ல யோசனை இருக்கலாம். ஒரு புள்ளி முன்னேற்றம் உண்மையா தற்செயலா என்று உறுதி செய்யும் கணினி வலு அவரிடம் இருப்பதில்லை.

ஆகவே உங்கள் பயிற்சியாளர் சொல்வது பாதிதான் சரி. எஞ்சினை எழுதி விற்றுப் பிழைக்கும் தொழில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2018இல் கொமோடோ என்ற வணிக எஞ்சினை செஸ்.காம் இணையதளம் வாங்கிக்கொண்டது, எஞ்சின் ஒரு சேவையின் உறுப்பாக மாறியதற்கு அடையாளம். ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை, அதன் ஊற்று இடம் மாறியது. 2017இல், தனக்குத் தானே ஆடிக் கற்ற டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ காட்டிய வழியை, அதன் நிரல் கைக்கு வராமலேயே லீலா செஸ் ஸீரோ என்ற இலவச எஞ்சினின் தன்னார்வலர்கள் மறுபடியும் கட்டினார்கள். ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு உருவாக்கிய என்என்யூஇ நரம்பு வலையமைப்பு, 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12இல் சேர்ந்தது. அதே ஆண்டு கொமோடோவும் அதைக் கைக்கொண்டது. இழப்பு ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஆடும் விதத்தை வைத்தே எஞ்சினை அடையாளம் சொல்பவர்கள் இருந்தார்கள். இன்று அந்தத் தனி முகங்கள் மங்கிவிட்டன.

வாங்கும் முன் உரிமப் பக்கத்தைப் படியுங்கள். ஜிபிஎல் நிரலை விலைக்கு விற்பதில் தவறில்லை. மூல நிரலையும், மாற்றிப் பகிரும் உரிமையையும் வாங்குபவருக்குத் தர வேண்டும், அவ்வளவே. 2021இல் செஸ்பேஸ் நிறுவனம் விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 எஞ்சின், வேறொரு வலையமைப்பைச் சேர்த்த ஸ்டாக்ஃபிஷ்தான் என்று ஸ்டாக்ஃபிஷின் உருவாக்குநர்கள் குற்றம்சாட்டி வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் அது சமரசத்தில் முடிந்தது. புதிய எஞ்சின் என்ற பெயரில் விற்கப்படுவது எதன் மேல் கட்டப்பட்டது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எஞ்சின் தராத எதற்குப் பணம் கொடுக்கலாம்? ஒழுங்குபடுத்திய ஆட்டத் தரவுத்தளம், வல்லுநர் உரையோடு கூடிய ஆட்டங்கள், தொடக்க ஆட்ட நகர்த்தல்களைத் தொகுத்து மனப்பாடம் செய்யும் கருவி, மனிதனைப் போலத் தவறு செய்து விளையாடும் எதிராளி ஆகியவை அந்த வகை. இவற்றிலும் சில இலவசமாகிவிட்டன. சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவைச் சொல்லும் இறுதி ஆட்ட அட்டவணைகள் ஒரு காலத்தில் டிவிடியில் விற்கப்பட்டன. இன்று ஏழு காய் வரையிலான, சிஸிஜி எனப்படும் அத்தகைய அட்டவணைகளை லிச்செஸ் தளத்தில் பைசா செலவின்றிப் பார்க்கலாம். உங்கள் எதிராளியின் ஆட்டங்களைத் தேடித் தயாராகும் அளவுக்குப் போட்டிகளில் ஆடுகிறீர்கள் என்றால் தரவுத்தளத்துக்குச் செலவிடுவது நியாயம். ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டத்தைச் சரிபார்க்க மட்டும் அது தேவையில்லை.

பழைய மென்பொருளில் புதிய எஞ்சினைச் சேர்த்ததும் இரண்டைக் கவனியுங்கள். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், மதிப்பீட்டில் +1.00 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்பதைக் குறிப்பதில்லை. எஞ்சின்களுக்கிடையிலான ஆட்டத்தில் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு என்று பொருள்படும்படி அளவு திருத்தப்பட்டுள்ளது. எனவே பழைய எஞ்சின் காட்டிய எண்ணோடு அதை ஒப்பிட வேண்டாம். மற்றொன்று, ஸ்டாக்ஃபிஷ் ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனிக் கோப்பாக வருகிறது. சேர்த்ததும் எஞ்சின் மறுமொழி தராமல் நின்றுவிட்டால், பழைய செயலிக்கான கோப்பை எடுத்துப் பாருங்கள்.