தையல்கடை கூகலில் மேலே வர என்ன செய்யலாம்?

தேக்கா நிலையத்தின் இரண்டாம் தளத்தில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது: “கடையில் இருந்தபடி ‘டெய்லர்’ என்று தேடினால் என் கடை முதலில் வருகிறது. ஈசூனில் இருக்கும் தங்கை தேடினால் வருவதே இல்லை. மாதம் 350 வெள்ளி கொடுத்தால் சிங்கப்பூர் முழுக்க முதலிடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கடைப் பெயரோடு ‘பெஸ்ட் பிளவுஸ் டெய்லர் சிங்கப்பூர்’ என்றும் சேர்க்கச் சொல்கிறார். செய்யலாமா?”

இரண்டுமே வேண்டாம். தங்கை தேடும்போது நீங்கள் வராததில் உங்கள் குறை எதுவும் இல்லை. வட்டாரத் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு கூகல் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. ஈசூனில் நிற்பவர் வெறுமனே ‘டெய்லர்’ என்று தேடினால் அவருக்குப் பக்கத்துப் புளோக்கில் தைப்பவர்தான் முதலில் வருவார். ஆளுக்கு ஆள், நிற்கும் இடத்துக்கு இடம் பட்டியல் மாறும்போது சிங்கப்பூர் முழுக்க முதலிடம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? காசு வாங்கிக்கொண்டு வரிசையில் மேலே ஏற்றுவதில்லை என்றும் கூகல் சொல்கிறது. விளம்பரம் வேறு கணக்கு, அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும்.

தங்கையை ‘தேக்கா பிளவுஸ் டெய்லர்’ என்று தேடச் சொல்லுங்கள். இடத்தின் பெயரைச் சேர்த்தால் தூரம் அந்த இடத்தை வைத்துக் கணக்கிடப்படும். அதிலும் நீங்கள் பின்னால் இருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே போட்டி உங்கள் பக்கத்துக் கடையோடு. மாடி முழுக்கத் துணிக்கடையும் தையல்கடையுமாக இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே 210665 அஞ்சல் குறியீடு, தூரத்தால் யாருக்கும் ஆதாயம் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு: ஒரே கட்டடத்தில் ஒரே வகைக் கடைகள் நிறைய இருந்தால் கூகல் சிலவற்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடுகிறது, வரைபடத்தைப் பெரிதாக்கினால்தான் அவை தலைகாட்டும். கூகல் தேடல் வரிசையை ஆராயும் துறையில் இருப்பவர்கள் 2016-லிருந்தே இதைக் கவனித்து வருகிறார்கள்.

ஆக, உங்கள் கையில் இருப்பது பொருத்தமும், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பதும்தான். பொருத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கூகல் வணிகக் கணக்கில் (Google Business Profile) ‘இது என்ன கடை’ என்று தேர்ந்தெடுத்திருக்கும் முதன்மை வகை. பலர் கணக்கைத் திறந்த அன்று ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. கொஞ்சம் சேலையும் விற்பதால் ‘சாரி ஸ்டோர்’ என்று போட்டிருந்தால், தைக்க ஆள் தேடுபவருக்கு கூகல் உங்களை ஏன் காட்டப்போகிறது? ‘டெய்லர்’, ‘கஸ்டம் டெய்லர்’, ‘டிரஸ்மேக்கர்’, துணி ஆல்டரேஷன் என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. வருமானம் எதிலிருந்து அதிகம் வருகிறதோ அதை முதன்மையாக வைத்து, உண்மையிலேயே செய்யும் மற்ற வேலைகளைக் கூடுதல் வகைகளில் சேருங்கள். எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டாம். பிறகு சேவைப் பட்டியலில் பிளவுஸ், லைனிங், ஃபால்ஸ், பிக்கோ, லெஹங்கா ஆல்டரேஷன் என்று வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களிலேயே எழுதுங்கள். கடை அறிமுகத்தில் சொற்களைத் திணிப்பதும் படங்களில் இருப்பிடத் தகவலைச் செருகுவதும் வரிசையை மாற்றுவதாக நான் கண்டதில்லை. அதற்கெல்லாம் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், கொடுமை.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். பெயரில் தேடுசொல் இருந்தால் கடை மேலே ஏறுவது உண்மைதான், அதனால்தான் அந்த ஆள் அதைச் சொல்கிறார். ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பதே கூகலிலும் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கடைக்காரர் யாராவது புகார் செய்தால் பெயர் திருத்தப்படும், சில நேரம் கணக்கே முடக்கப்படும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

விமர்சனங்கள் வரிசைக்கு உதவும், அதை கூகலே சொல்கிறது. உடுப்பை வாங்க வரும்போது, போட்டுப் பார்த்துச் சிரிக்கிறாரே, அந்த நேரத்தில் கேளுங்கள். ‘பிளவுஸ் அளவு கச்சிதம்’ என்று ஒருவர் எழுதினால் பிளவுஸ் தேடும் அடுத்தவருக்கு அந்த வரியையே கூகல் எடுத்துக் காட்டக்கூடும். தமிழில் எழுதினாலும் நல்லதுதான். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் அறிவிக்காதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. காசுக்கு வாங்கும் போலி விமர்சனங்களோ இங்கே பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் வரை இழுத்துவிடும். குறை சொல்லி எழுதியவருக்கும் மரியாதையாக ஒரு பதில் போடுங்கள்.

கடை நேரத்தையும் சரிபாருங்கள். தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதையும் கூகல் பார்க்கிறது, 2023 இறுதியில் அது உறுதியானது. அதற்காக 24 மணி நேரம் என்று போட்டுவிடக் கூடாது, பூட்டிய கதவைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். தீபாவளிக் காலத்தில் கூடுதல் நேரம் திறந்தால் சிறப்பு நேரமாகப் பதியுங்கள்.

கணக்கோடு கூகல் இலவசமாகக் கொடுத்த இணையப் பக்கம் உங்களிடம் இருந்ததா? அது 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அட்டையிலோ ஃபேஸ்புக்கிலோ அந்த முகவரி இன்னும் இருந்தால் மாற்றுங்கள். மாடி, கடை எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, ஆள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மாதாமாதம் என்ன செய்வார் என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கில் அவரை மேலாளராக மட்டும் சேருங்கள், முதன்மை உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலாகவே இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவரை நீங்களே நீக்கிவிடலாம்.