பதில்: அப்பாவின் மரண விசாரணைக்கு பாரிஸ்டர் தேவையா?
லண்டனில் அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பா இறந்துவிட்டார், கொரோனர் (இயல்புக்கு மாறான மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) நடத்தும் விசாரணைக்கு பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்) வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. படித்ததும் மனசு கனத்துவிட்டது.

கட்டாயம் இல்லை, குடும்பத்தாரே சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் மருத்துவமனை தரப்பில் பெரும்பாலும் வக்கீல் வருவார். சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் தாமதம் என்று பிடிப்பது துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு ரொம்பக் கஷ்டம். முடிந்தால் மருத்துவ அலட்சிய வழக்குகளில் பழகியவரையே வையுங்கள்.

இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்பதைத்தான் கொரோனர் முடிவு செய்வார். கொரோனர்கள் பற்றிய 2009 சட்டப்படி அவர் இழப்பீட்டுப் பொறுப்பைத் தீர்மானிக்க முடியாது. அது தனி வழக்கு, பொதுவாக 3 வருடக் கெடு. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.