தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வீட்டின் தெற்குப் பக்க நிழலில் எந்தப் பெரணி தாக்குப்பிடிக்கும்?

இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவரோரம் குளிர்காலம் முழுக்க நிழல்தான். பெரணிக்குத் தோதான இடம்.

என் முதல் தேர்வு ருமோரா என்ற பெரணி. தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா காடுகளில் தானாக வளர்வது. பூங்கொத்துகளில் செருகும் தடித்த பச்சை இலை அதுதான். லேசான உறைபனியைத் தாங்கும். மண்ணில் இலைமக்கு கலந்து, படர்ந்து ஓடும் தண்டை மேலாகவே விடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். உங்கள் ஊரில் குளிரைவிட வறட்சிதான் எதிரி. மழை கோடையில்தான் வரும், குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா நெப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா என்ற பெரணியை ஒரு பிடி பிடுங்கித் தந்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்! உங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் அது ஆக்கிரமிப்புச் செடி.

சரி, உயரமாக வேண்டுமா? உள்ளூர் மரப்பெரணி சயாத்தியா டிரெகெய் இருக்கிறது. ஓடையோரச் செடி, ஈரம் இருந்தால் வெயிலையும் தாங்கும்.