ஆர்.சி. பார்த்து 'செட் ஆகும்' என்றார், ஸ்ட்ரட் சேரவில்லை

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தமாக ஒரு கால்டாக்சி ஓட்டுகிறேன். வண்டி 2019 டிசையர் டூர் எஸ். முன்பக்க ஸ்ட்ரட் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் பாகம்) இரண்டும் ஆயில் கசிந்ததால், புதுச்சேரியில் ஒரு பழைய உதிரிபாகக் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்.சி. படம் அனுப்பிக் கேட்டேன். 'ஓகேண்ணே, செட் ஆகும்' என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. நேரில் போய் 7,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மாட்டும்போது போல்ட் ஓட்டை சேரவில்லை. மெக்கானிக் ஒன்றில் ட்ரில் போட்டுப் பார்த்தும் நடக்கவில்லை. 'விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லிலேயே போட்டிருக்கு' என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ட்ரில் உங்கள் கேஸில் ஒரு ஓட்டை போட்டுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தவறு எங்கே நடந்தது என்பது ஊகிக்கக்கூடியதுதான். 2017-ல் டிசையர் புது உருவத்துக்கு மாறியது. டாக்சிக்கென்று விற்ற டூர் எஸ் மட்டும் 2023 வரை பழைய உடம்பிலேயே வந்தது. '2019 டிசையர்' என்று வருஷத்தை மட்டும் பார்த்தவர் புது மாடல் ஸ்ட்ரட்டை எடுத்துக் கொடுத்திருப்பார். ஆர்.சி.யில் மாடல் பெயர் இருக்கிறது. அதைப் படிக்காதது அவர் பிழை.

உங்கள் பலம் அந்த வாய்ஸ் மெசேஜ்தான். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. பழைய பொருள் என்பதால் இது மாறாது. நீங்களே குவியலில் தேடி 'இதைக் கொடுங்க' என்று எடுத்திருந்தால் நான் இவ்வளவு தெம்பாகப் பேசமாட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், விற்பவர் சொன்ன தரத்துக்குக் குறைவாக இருப்பது 'குறைபாடு'தான். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். 'வாபஸ் இல்லை' என்ற அச்சு வரி இதை மீறிவிடாது.

டாக்சி ஓட்டுகிறவர் 'வணிக நோக்கத்தில்' வாங்கியவர், நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது அந்த விலக்கில் வராது. நான்கு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் கதை வேறு.

சரி, ட்ரில் விஷயம். ஓட்டையைப் பெரிதாக்கினால், அந்தப் பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாக, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவை வைத்துக் கடைக்காரர் வாதாடலாம். ஜோடியாக விற்ற பொருளில் ஒன்றை ஏற்றாலும், அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி திருப்பித் தரும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். அதனால் நோட்டீஸில் 'பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையேல் நஷ்டஈடு' என்று இரண்டையும் கேளுங்கள். ட்ரில் போட்டதை மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் 7,000 ரூபாயோடு உங்கள் பேச்சின் மதிப்பும் போகும்.

ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பாருங்கள். 1915 ஹெல்ப்லைனிலும் புகார் வைக்கலாம். அப்புறமும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில், அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருஷம் அவகாசம் உண்டு. (வக்கீல் வேண்டாம் என்று ஒரு வக்கீல் சொல்வது அபூர்வம்தான்.) மெக்கானிக்கிடம், எந்த பார்ட் எந்த மாடலுக்குரியது, ஏன் சேரவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ஸ் மெசேஜ் வந்த போனை மாற்றாதீர்கள்.

அடுத்த ஸ்ட்ரட் வாங்கப் போகும்போது கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கீழ் பிராக்கெட், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, பிரேக் ஹோஸ் மாட்டும் இடம், இடது வலது. பார்ட் நம்பர் தெரிந்தால் இன்னும் நல்லது. பில்லில் வண்டி நம்பரையும், 'பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும்' என்ற வரியையும் எழுத வையுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பில்லே இல்லாத சாமான் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும்.

வழக்கு முடியும் வரை அந்த இரண்டு ஸ்ட்ரட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். ட்ரில் போடாத ஒன்றையாவது மெக்கானிக் கண்ணில் படாமல் வையுங்கள்.